துளசியைப் பூக்க விடுங்கள், கீரையைப் பூக்கும் முன் பறியுங்கள்

மாக் மண்டினில் வீட்டு முன்புறத்திலும், பிளாட் மாடத்திலும், வேலியோரத் துண்டு நிலத்திலும் செடி வளர்க்கிற அம்மாமார், அக்காமார், அண்ணன்மார், தம்பி தங்கைகள் அனைவருக்கும்,



கோயிலில் பார்த்தாலும், பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது பார்த்தாலும், கொஞ்ச நாளாக நம்மிடையே ஒரு பேச்சு அடிபடுகிறது. இருக்கிற இடமோ கையகலம். அதில் துளசி வைப்பதா, கீரை போடுவதா? துளசி வீட்டுக்கு நல்லது, கொசுவும் அண்டாது என்று சிலர். பாசாரில் ஒரு கட்டு பாயாம் கீரை விற்கிற விலைக்குக் கீரையைப் போட்டால் சமையலுக்காவது ஆகும் என்று சிலர். இரண்டு பக்கத்திலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் நேரில் ஆளுக்கு ஒரு பேச்சாகச் சொல்லாமல் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடத்தில் பெரும்பங்கு கீரைக்கு. துளசிக்கு ஒரு தொட்டி, முடிந்தால் இரண்டு. அந்தத் துளசியைப் பூக்க விட வேண்டும். கீரையைப் பூ எட்டிப் பார்ப்பதற்குள் பறித்துவிட வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கீரை இன்னும் கொஞ்சம் வளரட்டும், ஞாயிற்றுக்கிழமை பறிக்கலாம் என்று விட்டுவிடுகிறோம். ஞாயிறு வரும்போது நுனியில் கதிர் நீட்டி, தண்டு நாராகி, இலை சுருங்கி நிற்கிறது. துளசியிலோ கதிர் தலைகாட்டியதும் கிள்ளி எறிகிறோம், இல்லையென்றால் செடி காய்ந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. அதனால் கீரையும் வாய்க்கு உதவவில்லை, துளசியும் தேனீக்கு உதவவில்லை.

முதலில் கீரையை எடுத்துக்கொள்வோம். நாம் முளைக்கீரை, தண்டுக்கீரை என்கிறோம், மலாய்க்காரர்கள் பாயாம் என்கிறார்கள். பச்சையும் சிவப்பும் ஒரே குடும்பம்தான். நம் வெயிலுக்குப் பிறந்த செடி அது. கடும் வெயிலில் மற்ற கீரைகள் துவண்டு நிற்கும்போது இது வளரும். விதைத்த 3 அல்லது 4 நாளில் முளை, மூன்று வாரத்தில் முளைக்கீரையாகப் பிடுங்கலாம், நாலு வாரத்தில் நல்ல கட்டு. ஒரு சதுர மீட்டர் பாத்தியில் சுமார் ஒரு கிலோ கிடைக்கும். இவ்வளவு விரைவாகச் சட்டிக்கு வரும் செடிகள் நம் தோட்டத்தில் குறைவு.

ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு, அது தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். பகல் குறுகினால் பூக்க அவசரப்படும் இனம் இது. கோடையில் பகல் 15, 16 மணி நேரம் நீளும் நாடுகளில் பூப்பதைத் தள்ளிப்போட்டு இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகை சொச்சத்தில். தையானாலும் ஆடியானாலும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதனால் இங்கே கீரை எந்த மாதம் விதைத்தாலும் சீக்கிரம் பூக்கப் பார்க்கும். இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் இன்னும் சீக்கிரம். உரம் போதவில்லை, தொட்டி சிறியது, செடிகள் நெருக்கி நிற்கின்றன என்றாலும் அப்படியே. செடிக்குக் கஷ்டம் வந்தால் விதை போட்டுப் போய்ச் சேரத்தான் நினைக்கும்.

பூ வருவதைக் கண்டுபிடிப்பது எளிது. காலையில் செடியருகே குனிந்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தைப் பாருங்கள். கடுகைவிடச் சிறியதாய்ப் பச்சை மணிகள் கொத்தாகத் தெரிந்தால் இனி நாளைக்கு என்று தள்ளக்கூடாது, அன்றைக்கே பறித்துவிட வேண்டும். தண்டைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிப் பார்த்தாலும் தெரியும். படக்கென்று ஒடிந்தால் பக்குவம். தோல் நாராக இழுபட்டால் காலம் கடந்துவிட்டது, இலையை மட்டும் ஆய்ந்துகொள்ளலாம். தண்டுக்கீரை என்று தனியாகத் தண்டுக்காகவே வளர்ப்பவர்கள் கூடுதலாகக் கொஞ்ச நாள் விடலாம், அதற்கு வளமான மண்ணும் நிறையத் தண்ணீரும் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பாத்தியை மூன்றாகப் பிரித்து, பத்து நாளுக்கு ஒரு பங்காக விதையுங்கள். ஒன்று பறிப்புக்கு வரும்போது அடுத்தது பாதி வளர்ந்திருக்கும், மூன்றாவது முளைத்திருக்கும். விதை பொடிப்பொடியானது, ஒரு சிட்டிகையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால் காய்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் தூவினால் போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது. எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும், சுற்றிலும் கொஞ்சம் சாம்பலோ மஞ்சள்தூளோ தூவி வைப்பது நம் பாட்டிகளின் பழக்கம். மழையில் கரைந்துவிடும், மறுபடி தூவ வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்தாலும் கீரைக்கு ஈடில்லை. பார்வைக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ'வாக உடலில் மாறும் கரோட்டின், இரும்பு, சுண்ணாம்பு, ஃபோலிக் அமிலம் எல்லாம் இதில் உண்டு. ஆக்சலேட்டும் உண்டு என்பதால் சுண்ணாம்புச் சத்து முழுதும் உடம்பில் ஒட்டாது. மசியலுக்குத் தக்காளி சேர்ப்பதும், இறக்கியபின் எலுமிச்சை பிழிவதும் ருசிக்கு மட்டுமல்ல, இரும்புச் சத்து உடம்பில் சேரவும் உதவும். சிறுநீரகக் கல் தொல்லை உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும் தினமும் கீரை என்று தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இந்த இரண்டு பிரச்சினைகளும் அபூர்வமில்லை.

இனி துளசி. இது கீரையோடு போட்டி போடும் செடியே இல்லை. ஒரு நாளைக்குத் தீர்த்தத்துக்கு நாலு இலை, சளி பிடித்தால் கஷாயத்துக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் வீட்டுத் தேவை. ஒரு தொட்டித் துளசி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். மாலையாகக் கட்டிப் பெருமாளுக்குச் சாத்த வேண்டும் என்றால் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பூக்கடைகள் இருக்கின்றன. பாத்தி முழுக்கத் துளசி வைப்பது இடத்துக்குச் செய்யும் அநியாயம் என்று நான் நினைக்கிறேன். துளசியை வணங்குகிற வீட்டில் பிறந்தவர் சொல்வதாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கொசு விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். துளசி இலையிலிருந்து காய்ச்சி எடுத்த எண்ணெய்க்குக் கொசுவை விரட்டும் குணம் உண்டு. தொட்டியில் சும்மா நிற்கும் செடியை மட்டும் நம்பிக் கொசு அண்டாது என்று இருந்துவிட முடியாது. எண்ணெய் இலையிலேயே அடங்கியிருக்கிறது, கசக்கினால்தான் நிறைய வெளியே வரும். நிலைமை இன்னும் மோசமாகவும் ஆகலாம். துளசித் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, அதில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே பிரசவ அறை. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார இலாகா அதிகாரிகள் வந்து பார்த்து, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் போடுவதும் நடக்கிறது. அபராதத்தை விடுங்கள், டெங்கி வந்த வீட்டுக்குத்தான் அதன் வேதனை தெரியும். தட்டை எடுத்துவிடுங்கள். தண்ணீர் வழிய வேண்டிய இடத்தில் இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். துளசி வேருக்கும் அது நல்லது, நீர் தேங்கினால் அழுகிவிடும் வேர் அது.

அப்படியானால் துளசிக்கு எதற்காகத் தோட்டத்தில் ஓரிடம் கேட்கிறேன்? அதன் பூவுக்காக.

காலை 8 மணிக்குமேல், வெயில் சூடேறும் முன், பூத்திருக்கும் ஒரு துளசிக் கதிரருகே நில்லுங்கள். பூக்கள் அடுக்கடுக்காக, வட்டம் வட்டமாகக் கதிரைச் சுற்றி இருக்கும். கீழடுக்கு முதலில் மலர்ந்து, மெல்ல மெல்ல மேலே ஏறும். அதனால் ஒரே கதிரில் அடியில் காய்ந்த தவிட்டு நிற உறைகளும், நடுவில் ஊதாப் பூவும், நுனியில் மொட்டும் ஒன்றாக இருக்கும். முதலில் வருவது கொசுத்தேனீ, இங்கே கெலுலுட் என்பார்களே அதுதான். கறுப்பாக, ஈயைவிடச் சிறியதாக, கதிரின் முன்னால் ஒரு நொடி அந்தரத்தில் நின்றுவிட்டுப் பூவுக்குள் தலையைக் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் வயிற்றில் நீல வரி போட்ட தேனீ ஒன்று விர்ரென்று வந்து, ஒரு பூவுக்கு ஒரு விநாடிகூட ஒதுக்காமல் தாவிக்கொண்டே போகும். சில நாள் பெரிய கருவண்டு வந்து உட்கார்ந்தால் கதிரே வளைந்துவிடும்.

இவை வேலியோரத்துக் காய்களுக்கு வேண்டிய ஆட்கள். பூசணி, பாகல், பீர்க்கு இவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூச்சி வந்து மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கத்தரிப் பூ இன்னும் வேடிக்கையானது. மகரந்தம் ஒரு மூடிய குழாய்க்குள் இருக்கும், நுனியில் சின்ன ஓட்டை. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரச் செய்கிற வண்டு வந்தால்தான் அது நன்றாகக் கொட்டும். நீல வரித் தேனீயும் கருவண்டும் அந்த வேலை தெரிந்தவை, கெலுலுட்டுக்கு அது வராது. இவற்றையெல்லாம் நம் வாசலுக்குப் பழக்கப்படுத்துவது துளசிப் பூவின் தேன். கீரைப் பூவால் இந்த உதவி கிடையாது. அதன் மகரந்தத்தைப் பெரும்பாலும் காற்றே சுமந்து போகிறது, அதில் தேனும் இல்லை. கீரையைப் பூக்க விட்டு நாம் இழப்பது சாப்பாடு, அதனால் தோட்டத்துக்கு வரவும் ஒன்றுமில்லை. துளசியைப் பூக்க விட்டால் நாம் இழப்பது சில இலைகள், வருவதோ வேலி நிறையக் காய்.

துளசியைப் பூக்க விட்டால் காய்ந்துபோகும் என்ற பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. எல்லாக் கதிரையும் விதை முற்றும்வரை விட்டால் செடி கட்டையாகி இலை சிறுத்துவிடும். எல்லாவற்றையும் கிள்ளினால் பூவே இல்லை. நடுவழி ஒன்று உண்டு. கதிரின் அடிப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு தவிட்டு நிறமானதும், அதற்குக் கீழே இரண்டு இலை ஜோடி சேர்த்து வெட்டுங்கள். ஒரு வாரம் செடியின் ஒரு பக்கம், அடுத்த வாரம் மறுபக்கம். எப்போதும் பாதிச் செடி பூவாக இருக்கும், பாதிச் செடி தளிர்விடும். துவாதசியன்றும் பொழுது சாய்ந்த பிறகும் துளசியைத் தொடக்கூடாது என்று கடைப்பிடிப்பவர்களுக்கும் இதில் இடைஞ்சல் இல்லை, வாரத்தில் ஒரு காலை நேரம் போதும்.

இரண்டுக்கும் சாப்பாடு வேறு வேறு என்பதையும் மறக்காதீர்கள். கீரை பசி மிகுந்தது. மக்கிய கோழி எரு, அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர் எது கொடுத்தாலும் இலையாகக் காட்டும். பச்சைக் கோழி எருவை மட்டும் போடாதீர்கள், வேர் கருகும், சாப்பிடும் இலையில் கிருமியும் சேரும். துளசிக்கு அந்தச் செழுமை வேண்டாம். உரம் அதிகமானால் இலை பெரிதாகும், வாசனை குறையும். கொஞ்சம் மணல் கலந்த மண்ணில், அளவான உரத்தில் வளர்ந்த துளசியைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். மீன் தண்ணீரைத் துளசிக்கு ஊற்ற எப்படியும் நம் மனம் வராது. இரண்டையும் ஒரே பாத்தியில் வைக்காமல் துளசியைத் தனித் தொட்டியில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மாக் மண்டின் என்றாலே பினாங்கில் பலருக்கு நினைவு வருவது தொழிற்பேட்டை. 1960-களிலேயே ஆலைகள் வந்த இடம் இது. நம் அப்பா அம்மாமார் பலருக்குச் சோறு போட்டவை அந்த ஆலைகள், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் ஆலையை ஒட்டிய மண்ணிலும், லாரி ஓடும் சாலையோர மண்ணிலும், பழைய பட்டறை இருந்த இடங்களிலும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தங்கியிருக்க வாய்ப்புண்டு. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, மழையில் போகாது. அப்படிப்பட்ட மண்ணில் காய்ச்செடிகளைவிடக் கீரைதான் இவற்றை அதிகமாக இலைக்கு ஏற்றும், முக்கியமாகக் காட்மியத்தை. துளசியும் இலைதான் என்றாலும் நாம் தின்பது நாலு இலை. கீரையோ ஒரு வேளைக்கு ஒரு சட்டி, அதுவும் பிள்ளைகளுக்கு ஊட்டுவது.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். ஆலை மதிலோரத்திலும் பெரிய சாலையோரத்திலும் நேராகத் தரையில் கீரை விதைக்காதீர்கள். மண்ணைச் சோதித்துப் பார்க்கும்வரை, வெளியிலிருந்து வாங்கிய மண்ணும் மக்கிய எருவும் நிரப்பிய உயர்த்திய பாத்தியிலோ பெட்டியிலோ போடுங்கள். கீரை வேருக்கு ஒரு சாண் ஆழம் போதும், அதனால் இது பெரிய செலவில்லை. சாலையோரத் துண்டு நிலம்தான் இருக்கிறது என்பவர்கள் அங்கே பூச்செடி வைக்கலாம், கீரைப் பெட்டியை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். எங்கே வளர்த்தாலும் மூன்று தண்ணீரில் அலசுங்கள், இலைமேல் படிந்த தூசியாவது போகும்.

உயர்த்திய பாத்திக்கு மழையும் ஒரு காரணம். நம்முடையது தாழ்நிலம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையையும் வெள்ளத்தையும் நம் பட்டர்வொர்த் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த அளவுக்கு வேண்டாம், செப்டம்பர் அக்டோபரில் வழக்கமாகக் கொட்டும் மழைக்கே தரையில் விதைத்த கீரை ஒருபக்கம் அடித்துப் போகும். தப்பியதற்கு இலைக்கு அடியில் வெள்ளைத் தடிப்புகளாகத் துரு நோய் வரும். நெருக்கமாக இருப்பதைக் களைந்து காற்றோட்டம் கொடுத்து, மாலையில் தண்ணீர் தெளிக்காமல் காலையில் வேரில் ஊற்றினால் பெரும்பாலும் கட்டுப்படும். மருந்து அடிக்க வேண்டாம். ஒரு மாதத்தில் சாப்பிடப் போகிற இலைக்கு மருந்து எதற்கு?

துளசி, கீரை என்று இரண்டு கட்சியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நம் மலாய் அக்கம்பக்கத்தார் வேலியோரத்தில் நிற்கும் ஊலாம் ராஜாவை நாம் கவனிப்பதில்லை. அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து வந்து இந்த மண்ணுக்கே சொந்தமாகிப்போன செடி. இளந்தளிரைப் பச்சையாகச் சம்பல் பெலாச்சானோடு தின்பார்கள், மாங்காய் வாசனை லேசாக இருக்கும். விட்டுவிட்டால் ஆள் உயரம் வளர்ந்து இளஞ்சிவப்புப் பூவாகப் பூக்கும், அதற்கும் தேனீ வரும். பூ வந்தபின் இலை முரடாகிவிடும், அந்த விஷயத்தில் கீரையின் குணம். ஒரு மூலையில் நாலு செடி வைத்து, இரண்டைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுங்கள், இரண்டைப் பூக்க விடுங்கள். பச்சையாகத் தின்பது என்பதால் ஒவ்வோர் இலையாகப் பார்த்து அலசுங்கள். நத்தை ஊர்ந்த இலையைச் சரியாகக் கழுவாமல் தின்பது ஆபத்து. மூளைவரை போகும் புழு நோய் அதனால் வருவதுண்டு. வேகவைத்த கீரையில் அந்தப் பயமில்லை.

பிளாட்டில் வெயில் குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் கீரையும் சரி, துளசியும் சரி, நெட்டையாக வெளிறிப்போய் நிற்கும். அங்கே வல்லாரை வையுங்கள். நிழலையும் ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும், துவையலுக்கும் ஆகும். மேல்மாடியில் இருப்பவர்கள் தொட்டியைச் சுவர்விளிம்பில் வைக்காதீர்கள், கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

வயதானவர்களுக்கு நினைவிருக்கும், 1970-களில் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது பச்சைப் புத்தகத் திட்டம் என்று வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னார்கள். அப்போது கம்பத்து வீடு, சுற்றிலும் மண். இன்று சிமெண்டுத் தரையும் இரும்புக் கதவும். ஆனாலும் ஒரு பெட்டி கீரைக்கு இடமில்லாத வீடு மாக் மண்டினில் இருக்காது என்றே நம்புகிறேன். மாக் மண்டின் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சிட்டிகை கீரை விதையை வீட்டில் விதைத்துப் பார்க்கட்டும். மூன்றாம் நாள் முளை தெரியும் செடி என்பதால் பிள்ளைகளின் பொறுமைக்கும் ஏற்றது.

விதைக்காகவும் ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். பறியுங்கள் பறியுங்கள் என்று சொன்ன நானே இதில் ஒரு விலக்கு கேட்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் நல்ல வாளிப்பான ஒரு கீரைச்செடியை மட்டும் பறிக்காமல் பூக்க விடுங்கள். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை தரும். பச்சைக் கீரை விதைக்கு விடும் வீட்டில் சிவப்பு வேண்டாம், அருகருகே பூத்தால் காற்றில் கலந்துவிடும். எந்த வீட்டில் எந்த நிறம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். கதிரைத் தேய்த்தால் கறுப்பு விதை பளபளவென்று உதிரும் பக்குவத்தில் அறுத்து, நிழலில் உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் மாதத்தை எழுதி வையுங்கள்.

மழை ஓய்ந்து வெயில் நிலைக்கும் ஜனவரியில் முதல் விதைப்பை எல்லோரும் சேர்ந்தே வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றும் வேலை கூடும், ஆனால் விதை அடித்துப் போகாது. விதை நான் தருகிறேன், மூன்று வாரக் கீரைக்குப் போதுமானது இருக்கிறது. துளசி நாற்று வேண்டியவர்கள் கேளுங்கள், தொட்டியைச் சுற்றித் தானாக முளைத்தவை நிறைய நிற்கின்றன. மக்கிய எரு யாரிடம் இருக்கிறது, காலிப் பெட்டி யாருக்குக் கிடைக்கும் என்பதை மட்டும் டிசம்பர் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருக்காரர்,
மாக் மண்டின்